வெளியே வர வழியில்லாத ஆயுள் தண்டனை: யார் விதிக்கலாம், எது தளர்த்தும்

2025 மே 13 அன்று பொள்ளாச்சி பாலியல் வழக்கில் ஒன்பது பேருக்குக் கோவை மகளிர் நீதிமன்றம் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த மாதம் 2-ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழக வழக்கில் சென்னை மகளிர் நீதிமன்றம் விதித்தது, 30 ஆண்டுக்குக் குறையாமல் சலுகை ஏதுமின்றி அனுபவிக்க வேண்டிய ஆயுள் தண்டனை. செய்தியாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. முதலாவது, சட்டப் புத்தகத்திலேயே அந்தச் சொற்களோடு எழுதப்பட்டிருக்கும் தண்டனை. அதை விதிக்க விசாரணை நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டாவது வகையை உச்ச நீதிமன்றம் தானே உருவாக்கியது. அதை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே என்று 2015-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஆக, மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி இரண்டு வழக்கிலும் வேறு வேறாகவே இருக்கும்.

இந்த நாட்டில் 'விடுதலையே இல்லாத ஆயுள்' என்பது ஒரே தண்டனை அல்ல. மூன்று நான்கு வகை இருக்கிறது. ஒவ்வொன்றும் அடைக்கும் வழி வேறு, திறந்து விடும் வழி வேறு. எல்லா வழியையும் ஒருசேர அடைக்கும் தண்டனை எதுவும் இன்றைக்கு இங்கே இல்லை.

முதலில், பல காலமாகச் சுற்றி வரும் 14 ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 20 ஆண்டு என்றும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டம் 57-ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 6-ஆம் பிரிவு) ஆயுளை 20 ஆண்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருப்பது, பின்னக் கணக்குக்காக மட்டும். ஒரு குற்றத்துக்கு ஆயுள் தண்டனை என்றால், அதற்கு முயன்றவருக்கு அதில் பாதி என்று சட்டம் சொல்லும் இடத்தில், பாதி ஆயுள் எவ்வளவு என்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா? அதற்காக 20-இல் பாதி 10. அவ்வளவுதான்.

இதை 1961-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் விநாயக் கோட்சே, சிறையில் ஈட்டிய ரெமிஷன் (தண்டனைக் கழிவு) நாட்களையும் சேர்த்தால் தனக்கு 20 ஆண்டு முடிந்துவிட்டது, விடுவியுங்கள் என்று வந்தார். ஆயுள் என்றால் எஞ்சிய இயற்கையான வாழ்நாள் முழுவதும். அரசு முறைப்படி தண்டனையைக் கழித்து உத்தரவிட்டால் ஒழிய வெளியே வரும் உரிமை கைதிக்குக் கிடையாது என்று நீதிமன்றம் மறுத்தது. பிறகு 1964-இல் அரசு விடுவித்தபோதுதான் அவர் வெளியே வந்தார். ஆகவே சாதாரண ஆயுள் தண்டனையும் கொள்கையளவில் சாகும் வரைதான். அதைச் சுருக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது என்பதே வித்தியாசம். இந்த அதிகாரத்தை எவ்வளவு தூரம் பறிக்கலாம் என்பதுதான் பின்னால் வந்த சண்டை முழுவதும்.

14 எங்கிருந்து வந்தது? கொலைக் குற்றத்தில் ஆயுள் பெற்றவர்கள் ஐந்தாறு ஆண்டில் வெளியே வந்துவிடுகிறார்கள் என்ற குறை எழுந்ததால், 1978 டிசம்பர் 18 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரையோ, மரண தண்டனை ஆயுளாக மாற்றப்பட்டவரையோ, 14 ஆண்டு சிறையில் கழிக்காமல் அந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கக் கூடாது. இன்று அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475-ஆம் பிரிவு. அதாவது 14 என்பது தரை, கூரை அல்ல. அதற்கு முன்னால் விடாதே என்கிறதே தவிர, அது முடிந்ததும் விடு என்று சொல்லவில்லை.

அந்தத் தரைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 433ஏ செல்லும் என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னபோதே, குடியரசுத் தலைவருக்கு அரசியல் சாசனத்தின் 72-ஆவது பிரிவும் ஆளுநருக்கு 161-ஆவது பிரிவும் தரும் மன்னிப்பு அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் தொட முடியாது என்றும் சொல்லிவிட்டது. 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்காக ஏழு ஆண்டு முடித்த 1,405 ஆயுள் கைதிகளைத் தமிழ்நாடு விடுவித்தது இந்த வழியில்தான். ஏழு ஆண்டில் எப்படி விட்டார்கள், 14 ஆகவில்லையே என்று அன்று கேட்டவர்களுக்கு விடை 161 என்ற மூன்று இலக்கத்தில் இருக்கிறது. 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 10 ஆண்டு முடித்தவர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். 2021-இல் மறுபடியும் அண்ணா பிறந்தநாள். யாருடைய பிறந்தநாள் எந்த ஆண்டு வருகிறது என்பதைப் பொறுத்து ஒருவரின் ஆயுள் தண்டனை நீளுவதும் சுருங்குவதும் நல்ல முறையல்ல. ஆனால் பல ஆயிரம் குடும்பங்களுக்கு அதுவே ஒரே நம்பிக்கை என்பதும் உண்மை.

நீதிமன்றத்துக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். ஒரு கொடூரக் கொலை வழக்கு மேலே வருகிறது. தூக்கை உறுதிசெய்ய நீதிபதிக்கு மனம் ஒப்பவில்லை. ஆயுளாக மாற்றினாலோ ஆள் 14 ஆண்டில் வெளியே வந்துவிடுவார் என்ற எண்ணம். நடுவில் எதுவுமில்லை. பெங்களூருவில் மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து, பெட்டியில் அடைத்து, வீட்டு வளாகத்திலேயே புதைத்த சுவாமி சிரத்தானந்தா வழக்கில் இந்த இக்கட்டு முழுதாக வெளிப்பட்டது. 2007-இல் இரண்டு நீதிபதிகள் தண்டனையில் பிளவுபட்டார்கள். ஒருவர் தூக்கு, மற்றவர் ஆயுள். வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போனது. 2008 ஜூலை 22 அன்று நீதிபதி அஃப்தாப் ஆலம் எழுதிய தீர்ப்பு நடுவில் ஒரு படியை உண்டாக்கியது: தூக்கு இல்லை, ஆனால் வாழ்நாள் முழுவதும் விடுவிக்கக் கூடாது. 14 ஆண்டுக்கும் தூக்குக்கும் இடையிலான பெரும் இடைவெளி முழுவதும் நீதிமன்றத்துக்கு உரியது; அதில் 20, 25, 30 என்று ஆண்டைக் குறிக்கவும் செய்யலாம், சாகும் வரை என்றும் சொல்லலாம் என்பது அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தை எல்லா நீதிபதிகளும் ஏற்கவில்லை. 2012-இல் சங்கீத் வழக்கில் இரண்டு நீதிபதிகள் வெளிப்படையாகவே சந்தேகம் தெரிவித்தார்கள். தண்டனையைக் கழிப்பது சட்டம் அரசுக்குக் கொடுத்த வேலை. தண்டனை விதிக்கும்போதே அதை நீதிமன்றம் பிடுங்கிவைத்துக்கொள்ளலாமா?

விடை வந்தது தமிழ்நாட்டு வழக்கில். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கை, கருணை மனு முடிவாக 11 ஆண்டு ஆனதைக் காரணமாகக் காட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. மறுநாளே இந்த மூவரோடு சேர்த்து அந்த வழக்கின் ஆயுள் கைதிகள் ஏழு பேரையும் விடுவிக்கப் போவதாகவும், மத்திய அரசு மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் ஜெயலலிதா அரசு அறிவித்தது. மத்திய அரசு நீதிமன்றம் போனது, விடுதலை நின்றது. அரசியல் சாசன அமர்வுக்குப் போன அந்த வழக்கின் பெயர் 'இந்திய ஒன்றியம் எதிர் வி. ஸ்ரீஹரன் என்ற முருகன்'. 2015 டிசம்பர் 2-இல் வந்த அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இந்தத் தண்டனையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. அது சொன்னதில் இங்கே வேண்டியவை இவை.

சிரத்தானந்தா வழக்கில் நீதிமன்றம் உருவாக்கிய சிறப்பு வகை ஆயுள் செல்லும். ஐவரில் மூவர் ஒப்பினார்கள். நீதிபதிகள் லலித்தும் சப்ரேயும் மாறுபட்டார்கள். அதை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும். விசாரணை நடத்தும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு இல்லை. இப்படி விதிக்கப்பட்டால், நடைமுறைச் சட்டத்தின் கீழ் அரசு தண்டனையைக் கழிக்க முடியாது. ஆனால் 72, 161 பிரிவுகளின் அதிகாரம் அப்படியே இருக்கும். மேலும், மத்தியப் புலனாய்வு அமைப்பு விசாரித்த வழக்கில் மாநிலம் மத்திய அரசைக் 'கலந்தாலோசிக்க' வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு, மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று பொருள்.

கடைசி விதிதான் ஏழு பேரின் கதவைச் சாத்தியது. அதனால்தான் 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை வழியை மாற்றி, 161-ஆவது பிரிவில் ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது. அந்தக் கோப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆளுநர் மாளிகையில் கிடந்து, பின் 2021-இல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. அமைச்சரவை ஆலோசனைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், கோப்பை மேலே தள்ளிவிட இடமில்லை என்று சொல்லி, முழு நீதி வழங்கத் தனக்கு அரசியல் சாசனம் தரும் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி 2022 மே 18-இல் பேரறிவாளனையும், அதே அடிப்படையில் நவம்பர் 11-இல் மற்ற ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இது மக்களிடம் ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிட்டது: உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் எந்த ஆயுள் கைதியும் வெளியே வரலாம் என்று. 142 எல்லோருக்கும் திறக்கும் வழி அல்ல. அங்கே அமைச்சரவைப் பரிந்துரை ஏற்கெனவே இருந்தது. அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடப்பட்டது. இந்த இரண்டும் இல்லாத வழக்கில் அந்தத் தீர்ப்பை நீட்டிக் காட்டினால் பலிக்காது.

இனி, சட்டத்திலேயே எழுதப்பட்ட வகை. 2013 குற்றவியல் சட்டத் திருத்தம், கூட்டு வன்புணர்வு உள்ளிட்ட சில குற்றங்களுக்கு 'ஆயுள், அதாவது அவருடைய எஞ்சிய இயற்கையான வாழ்நாள்' என்று விளக்கம் சேர்த்தது. பொள்ளாச்சித் தீர்ப்பின் சொற்கள் இங்கிருந்து வந்தவை. 2019-இல் போக்சோ சட்டத்தின் 6-ஆம் பிரிவிலும் அதே சொற்கள் வந்தன. இன்றைய நியாய சன்ஹிதாவில் ஏற்கெனவே ஆயுள் அனுபவிப்பவர் கொலை செய்தால், 104-ஆம் பிரிவில் தூக்கு அல்லது எஞ்சிய வாழ்நாள் சிறை. இதன் பழைய வடிவம் தூக்கை மட்டுமே வைத்திருந்தது. அதை 1983-இல் மிட்டு வழக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. அடுத்த நாற்பது ஆண்டு காலியாகக் கிடந்த இடத்தை இப்போது நிரப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பிரிவுகளில் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அவை 'எஞ்சிய வாழ்நாள்' என்கின்றன. 'தண்டனைக் கழிவு கிடையாது' என்று சொல்வதில்லை. கழிவைத் தடுக்க விரும்பிய இடத்தில் நாடாளுமன்றம் அதை நேரடியாகவே எழுதியிருக்கிறது: போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ பிரிவு தண்டனையை நிறுத்திவைக்கவோ கழிக்கவோ மாற்றவோ கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வாழ்நாள் சிறை பெற்றவருக்காக வாதாடும் வழக்குரைஞர் கையில் எடுப்பது இந்த வேறுபாட்டைத்தான். எதிர்த்தரப்பு, சாதாரண ஆயுளே எஞ்சிய வாழ்நாள்தான் என்று கோட்சே வழக்கு முதலே இருக்கும்போது, நாடாளுமன்றம் அதைத் திரும்ப எழுதியது வேறெதற்கு என்று கேட்கும். இரண்டு வாதத்திலும் சத்து இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும், 72-உம் 161-உம் இங்கேயும் தொடப்படவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு இந்தத் தண்டனை எந்த வகையிலும் கிடையாது. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 21-ஆம் பிரிவு, விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுளைத் தூக்கோடு சேர்த்தே தடை செய்கிறது. 16 வயது கடந்தவரை வயது வந்தவராகக் கருதி விசாரித்தாலும் இந்தத் தடை நிற்கும்.

ஒருவருக்கு இரண்டு கொலைக்கு இரண்டு ஆயுள், ஒன்று முடிந்து இன்னொன்று என்று எழுதினால் என்ன ஆகும்? முன்பு சில நீதிமன்றங்கள் அப்படி எழுதின. ஒரு மனிதனுக்கு ஒரு வாழ்நாள்தான் என்பதால் ஆயுள்கள் ஒன்றாகவே ஓடும் என்று 2016-இல் முத்துராமலிங்கம் வழக்கில் (இதுவும் தமிழ்நாட்டிலிருந்து போனதே) அரசியல் சாசன அமர்வு முடித்துவைத்தது. ஆனால் 10 ஆண்டு போன்ற காலவரைத் தண்டனையை முதலில் கழிக்க வைத்து, அதன்பின் ஆயுளைத் தொடங்கச் சொல்லலாம். தலைகீழாக முடியாது.

அடுத்தது கணக்கு. கோப்புகள் பெரும்பாலும் இதில்தான் தடுக்கி விழுகின்றன. 14 ஆண்டு என்பது கைதான நாளிலிருந்து எண்ணும் 14 அல்ல. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் சேரும். ஆயுள் கைதிக்கும் அது உண்டு என்று 1985-இல் பகீரத் வழக்கு சொன்னது. ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் சேராது. நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறை விதிப்படி கிடைக்கும் கழிவு நாட்களும் இந்த 14-இல் சேராது. பரோலில் இருந்த நாட்களும் சேராது என்று 2023 ஜனவரியில் கோவாக் கைதிகள் தொடுத்த ரோஹன் துங்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2008 ஜூன் 1-இல் கைது. டிசம்பர் 1-இல் ஜாமீன். 2012 ஜூன் 1-இல் தீர்ப்பு, அன்றே சிறை. 2025 ஜூன் 1 வரை இடையில் ஐந்து முறை, முறைக்கு 30 நாள் என்று 150 நாள் பரோல். குடும்பத்தினர் '17 ஆண்டு ஆகிவிட்டது' என்பார்கள். சிறைப் பதிவேடு சொல்வது: விசாரணைக் காலம் 6 மாதம், தண்டனைக் காலம் 13 ஆண்டு, அதில் பரோல் சுமார் 5 மாதம் கழித்தால் மொத்தம் 13 ஆண்டு 1 மாதம். 14-ஐத் தொட இன்னும் 11 மாதம். இந்தக் கணக்கில் முன்கூட்டியே மனுப் போட்டால் 'தகுதியில்லை' என்று ஒரு வரியில் திரும்பும். அந்த நிராகரிப்பு அடுத்த மனுவின் கோப்பிலும் ஒட்டிக்கொண்டே வரும்.

சிறப்பு வகை ஆயுளில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். '30 ஆண்டு கழிவின்றி' என்றால் மேலே சொன்ன நேரடிச் சிறைக் கணக்கு 30-ஐத் தொட வேண்டும்.

சாதாரண ஆயுளுக்கு மனு போகும் பாதை நீளமானது. தண்டனை பெற்றவர் சிறையில் இருந்தால்தான் மனுவே எடுத்துக்கொள்ளப்படும். அவர் எழுதுவது சிறைக் கண்காணிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். ஜாமீனிலோ நீண்ட பரோலிலோ இருந்துகொண்டு போட முடியாது. காவல் துறை அறிக்கை, நன்னடத்தை அதிகாரி வீட்டுக்குப் போய் எடுக்கும் அறிக்கை, சிறை நடத்தைப் பதிவு, தண்டனை விதித்த நீதிமன்றத்தின் நீதிபதியின் கருத்து எல்லாம் சேர்ந்து ஆலோசனைக் குழுவுக்குப் போய், அங்கிருந்து உள்துறைக்குப் போகும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் பழகியவை. காவல் நிலைய அறிக்கையில் 'எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது, விடுவித்தால் அமைதி கெடும்' என்ற ஒரே வாக்கியம். பல கோப்புகளில் எழுத்து மாறாமல் அதே வாக்கியம். நீதிபதியின் கருத்தில் 'குற்றம் கொடூரமானது, பரிந்துரைக்கவில்லை' என்று முடித்துவிடுவது. குற்றத்தின் கொடூரம் 14 ஆண்டுக்கு முன் தண்டனை விதித்தபோதே கணக்கில் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது கேட்பது ஆள் இன்று எப்படி இருக்கிறார் என்பதை. 2000-இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கு வைத்த அளவுகோல்களும் அதைத்தான் கேட்கின்றன: அது சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட செயலா, மறுபடி செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திராணி போய்விட்டதா, இனியும் அடைத்துவைப்பதில் பயன் ஏதேனும் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. காரணம் சொல்லாத கருத்து கருத்தே அல்ல, திரும்ப எழுதி வாங்குங்கள் என்று 2022-இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிராகரிப்பை எதிர்ப்பவர்கள் முதலில் அந்தக் கருத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டியது இதனால்தான்.

எந்த விடுதலைக் கொள்கை பொருந்தும் என்பதும் அடிக்கடி தவறுகிறது. தண்டனை விதித்த நாளில் நடப்பில் இருந்த கொள்கையே அடிப்படை. பின்னர் வந்தது கைதிக்கு அதிகச் சாதகம் என்றால் அதன் பலனும் உண்டு. 2010-இல் ஹரியானா எதிர் ஜகதீஷ் வழக்கு இதை நிலைநாட்டியது. எந்த மாநில அரசு என்பதும் அப்படியே. குற்றம் நடந்த மாநிலமோ கைதி அடைக்கப்பட்டிருக்கும் மாநிலமோ அல்ல, தண்டனை விதித்த நீதிமன்றம் இருக்கும் மாநிலம். பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்ட் 15-இல் குஜராத் விடுவித்ததை 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு முதல் காரணம் இதுவே: விசாரணை மும்பைக்கு மாற்றப்பட்டு அங்கே தண்டனை விதிக்கப்பட்டதால் அதிகாரம் மகாராஷ்டிரத்துடையது. அந்த 11 பேரும் மறுபடி சிறைக்குப் போனார்கள்.

ஸ்ரீஹரன் தீர்ப்பின்படி அரசு தானாக முன்வந்து கழிக்க முடியாது, கைதி மனுப் போட வேண்டும் என்றிருந்தது. 2025 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்கள், தகுதி வந்த கைதிகளை அவர்கள் மனுப் போடாவிட்டாலும் பரிசீலிக்க வேண்டும். கொள்கை இல்லாதவை இரண்டு மாதத்தில் வகுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, வெளியே யாருமில்லாத கைதிக்கு இது பெரிய மாற்றம். சிறப்பு வகை ஆயுள் பெற்றவருக்கு இதனால் எதுவும் மாறவில்லை.

இனி பரோல். அமெரிக்கச் செய்திகளில் 'பரோல் இல்லாத ஆயுள்' என்றால், ஒரு வாரியம் கூடி ஆளை மீதித் தண்டனைக்கு வெளியே அனுப்பும் வாய்ப்பே இல்லை என்று பொருள். அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இந்தத் தண்டனை உண்டு. 50,000-க்கும் மேற்பட்டோர் அதை அனுபவிக்கிறார்கள். இங்கே பரோல் என்பது தற்காலிக விடுப்பு. வெளியே போய்விட்டுத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் இதை 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் ஆள்கின்றன. நெருங்கிய உறவினர் சாவு, கடும் நோய் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வீடு கட்டுதல் அல்லது பழுதுபார்த்தல், திருமணம், விதைப்பு, அறுவடை போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுச் சிறைக்குப் பிறகு சாதாரண விடுப்பு. ஆயுள் கைதிக்கும் இது உண்டு. 2019 ஜூலையில் நளினி மகளின் திருமண ஏற்பாட்டுக்காக ஒரு மாதம் வெளியே வந்தது இந்த வழியில்தான்.

'விடுதலை இல்லை' என்று தீர்ப்பில் எழுதினால் விடுப்பும் போய்விடுமா? போகாது. மிகக் கடுமையான சொற்களில் வந்த ஒரு வழக்கே இதற்குச் சான்று. டெல்லியில் மூன்று கொலைக்குத் தூக்கு விதிக்கப்பட்ட அத்பீருக்கு 2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் தண்டனையை மாற்றியபோது, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை, பரோல் கிடையாது, தண்டனைக் கழிவும் கிடையாது என்று எழுதினார். இந்தியாவில் 'பரோல் இல்லாத ஆயுள்' என்பதற்கு இவ்வளவு நேரடியான எடுத்துக்காட்டு அரிது. பிறகு அவர் ஃபர்லோ கேட்டார். டெல்லிச் சிறை விதிகளின்படி அது காரணம் காட்டத் தேவையில்லாமல், நன்னடத்தைக்காகக் கிடைக்கும் குறுகிய விடுப்பு. கழிவு பெறத் தகுதியில்லாதவருக்கு ஃபர்லோ எதற்கு என்று சிறைத் துறை மறுத்தது, உயர் நீதிமன்றமும் ஒப்பியது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: கழிவு இல்லை என்பது வேறு, நன்னடத்தைக்கான ஊக்கம் வேறு, வாழ்நாள் முழுவதும் உள்ளே இருக்கப் போகிறவருக்கும் ஒழுங்காக இருக்க ஒரு காரணம் வேண்டும். சிறை நிர்வாகத்தில் இருப்பவர்களைக் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். இழக்க எதுவும் இல்லாத கைதிதான் சிறையில் மிகவும் ஆபத்தானவர்.

ஐரோப்பா இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. 2013-இல் வின்டர் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஆயுள் விதிக்கலாம், ஆனால் மறுபரிசீலனைக்கு ஒரு வழியும் இல்லாமல் விதிக்கக் கூடாது என்றது. இனப்படுகொலையை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்கூட ஆயுளை 25 ஆண்டு முடிந்ததும் மறுபடி பார்த்தாக வேண்டும் என்று அதன் ரோம் சாசனம் கட்டாயப்படுத்துகிறது. நம் சிறப்பு வகை ஆயுளில் அப்படி ஒரு நாள் குறிக்கப்படவே இல்லை. ஆளுநரின் அதிகாரம் இருக்கிறதே என்பது பதிலாகச் சொல்லப்படும். அந்தக் கோப்பு எப்போது திறக்கப்படும், யார் திறப்பார்கள் என்பதற்கு விதியில்லாதபோது அதை மறுபரிசீலனை என்று சொல்வது கொஞ்சம் தாராளமான பேச்சு.

இன்னொரு நழுவலையும் கவனிக்க வேண்டும். இந்த நடுப்படி தூக்குக்கு மாற்றாகப் பிறந்தது. தூக்கு விதிக்கலாமா என்று தயங்கிய இடத்தில் மட்டும் வர வேண்டிய தண்டனை. 2023 மார்ச்சில் சிவகுமார் எதிர் கர்நாடகம் வழக்கில், தூக்கு பேச்சிலேயே இல்லாத வழக்கிலும் மேல் நீதிமன்றங்கள் இதை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 30 ஆண்டு விதித்தது. அதே தீர்ப்பு, சாகும் வரை என்று விசாரணை நீதிமன்றம் எழுதியதை அதிகாரமில்லாதது என்று நீக்கியது. இதற்குப் பிறகு இந்தத் தண்டனை ஒரு உயிரைக் காப்பாற்றும் கருவியாக மட்டும் இல்லை. சாதாரண ஆயுளைக் கூட்டும் கருவியாகவும் ஆகிவிட்டது. தூக்கை எதிர்ப்பவர்கள் இதை வரவேற்றபோது இந்தப் பக்கத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, ஆண்டு குறிக்கப்பட்ட ஆயுள் முடியும் நாளில் நடப்பது. இங்கே தீர்ப்பின் ஒரு சொற்றொடர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிதிஷ் கட்டாரா கொலை வழக்கில் சுக்தேவ் யாதவுக்கு விதிக்கப்பட்டது 'ஆயுள், அது கழிவின்றி 20 ஆண்டு நேரடிச் சிறையாக இருக்கும்' என்ற வடிவம். 2025 மார்ச்சில் 20 முடிந்தது. தண்டனை மறுஆய்வு வாரியம் நடத்தை சரியில்லை என்று விட மறுத்தது. தண்டனையே முடிந்த பிறகு வாரியத்துக்கு என்ன வேலை என்று கேட்டு, 2025 ஜூலை 29-இல் உச்ச நீதிமன்றம் அவர் விடுதலைக்கு உரியவர் என்றது. இப்படிக் காலம் முடிந்தும் உள்ளே கிடப்பவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களையும் விடச் சொன்னது. 'ஆயுள், 30 ஆண்டு முடியும் வரை கழிவு கோரக் கூடாது' என்று எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. அங்கே 30 முடியும் நாள் விடுதலை நாளல்ல, மனுப் போடத் தகுதி வரும் நாள். அதற்குப் பிறகும் கண்காணிப்பாளர், காவல் அறிக்கை, நீதிபதியின் கருத்து, ஆலோசனைக் குழு எல்லாம் பாக்கி. சான்றளிக்கப்பட்ட தீர்ப்பு நகலில் தண்டனைப் பத்தியையும், சிறைக்கு அனுப்பப்பட்ட வாரண்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும். வாரண்டில் 'ஆயுள்' என்று மட்டும் இருந்தாலோ, இல்லாத 'சாகும் வரை' ஏறியிருந்தாலோ, 20 ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பதைவிட மேல்முறையீடு முடிந்த மாதத்திலேயே தண்டனை விதித்த நீதிமன்றத்தில் திருத்தக் கோருவது எளிது.